பேஸ்மேக்கர் வைத்த அப்பா மறுபடியும் கடலுக்குப் போகலாமா?

தெற்குவாடிப் பெண் | ஏப்ரல் 30, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குப் பாம்பன் தெற்குவாடி. அப்பாவுக்கு 57 வயது, வள்ளத்தில் நண்டு வலைக்குப் போகிறவர். மார்ச் மாதம் வலை இழுக்கும்போது இரண்டு தடவை கண் இருட்டி வள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. மூன்றாவது தடவை கரையில் ஐஸ் பெட்டி இறக்கும்போது விழுந்துவிட்டார். நெற்றியில் நாலு தையல். தையல் போட்ட நர்ஸ்தான் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு முகம் மாறினார். நிமிடத்துக்கு 34.

ஈசிஜி எடுத்ததும் "கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்" என்றார்கள். அன்று இரவே ராமநாதபுரத்தில் கழுத்து வழியாக வயர் விட்டுத் தற்காலிகமாக ஒன்று வைத்தார்கள். அப்புறம் மதுரையில் ஏப்ரல் 9 அன்று நிரந்தர பேஸ்மேக்கர், இதயத்தைத் துடிக்க வைக்கிற சின்னக் கருவி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் கடன் வாங்காமல் முடிந்தது.

இன்றைக்கு 21 நாள். மயக்கம் ஒரு தடவைகூட வரவில்லை. ஆனால் அப்பா இடது கையை மார்போடு ஒட்டியே வைத்திருக்கிறார். சட்டையைக்கூட அம்மாதான் போட்டுவிடுகிறார். அப்பா இடது கைக்காரர். சோறு மட்டும்தான் வலது கை. வலை இழுப்பதும் கயிறு சுற்றுவதும் இன்ஜினைக் கிளப்ப ஹேண்டில் போடுவதும் இடது கையால்தான். எந்தக் கையால் வேலை செய்கிறீர்கள் என்று ஆபரேஷனுக்கு முன்னால் யாரும் கேட்கவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. பெட்டியை இடது தோளுக்குக் கீழே வைத்துவிட்டார்கள்.

விசைப்படகுக்குத் தடைக்காலம் நடக்கிறது. நாட்டுப்படகுக்காரர்களுக்கு மீனுக்கும் நண்டுக்கும் நல்ல விலை கிடைக்கிற நேரம் இது. அப்பா விடிந்ததும் கரைக்குப் போய் வள்ளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். சொந்தக்காரர்கள் எல்லோரும் "இனி கடலை மறந்துவிடு" என்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் "கனமான வேலை கூடாது" என்று ஒரே ஒரு வரி. எது கனம், எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை. பேஸ்மேக்கரோடு கடலுக்குப் போகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கீழக்கரைக் காக்கா | ஏப்ரல் 30, இரவு 10:25

மகளே, பயப்பட வேண்டாம். எனக்கு வைத்து ஆறு வருடம் ஆகிறது, இப்போது 63 வயது. நான் கடல் தொழில் செய்கிறவன் இல்லை, கடை வைத்திருக்கிறேன். ஆனால் உன் அப்பா கையை ஒட்டி வைத்திருப்பதாக எழுதினாயே, அது அப்படியே நான் செய்தது.

எனக்குத் தொழுகைதான் கவலையாக இருந்தது. தக்பீர் கட்ட இரண்டு கையையும் காது வரை உயர்த்த வேண்டும். வயர் கழன்றுவிடும் என்று பயந்து நாற்பது நாள் நாற்காலியில் உட்கார்ந்தே தொழுதேன். இடது கையை உயர்த்தவே இல்லை. நாற்பது நாள் கழித்து உயர்த்தப் பார்த்தால் முடியவில்லை, தோள் இறுகிவிட்டது. அதைச் சரி செய்ய மூன்று மாதம் பயிற்சி. நெஞ்சில் கத்தி வைத்த வலியைவிட இந்தத் தோள் வலிதான் என்னை அழ வைத்தது. தோள் மட்டத்துக்கு மேலே கையைத் தூக்காதே என்றால், அதற்குக் கீழே தாராளமாக ஆட்டு என்று அர்த்தம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பாவிடம் நாளைக்கே சொல்லு.

அவருக்குச் சொல்ல இன்னொரு விஷயமும் இருக்கிறது. உலகத்திலேயே முதன்முதலில் உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர் ஆர்னே லார்சன் என்ற சுவீடன்காரர். 1958 அக்டோபர் 8, ஸ்டாக்ஹோமில். அவருக்கு 43 வயது. ஒரு நாளில் பல தடவை மயங்கி விழுந்துகொண்டிருந்தார், அவருடைய மனைவிதான் விடாமல் டாக்டர்களை நச்சரித்து வைக்கச் சொன்னார். முதல் கருவி சில மணி நேரம்தான் ஓடியது. அதற்கப்புறம் மாற்றி மாற்றி மொத்தம் 26 கருவி. 2001-ல், 86 வயதில் காலமானார். உன் அப்பாவுக்கு இன்னும் எத்தனை பருவம் இருக்கிறது என்று பார்.

ராமேஸ்வரம் துறை | மே 1, காலை 6:10

நான் வேறு மாதிரிதான் சொல்வேன், மன்னிக்கவும் தங்கச்சி. என் மச்சானுக்கு இதே மாதிரி மயக்கம் இருந்தது. அவருக்கு பேஸ்மேக்கர் வைக்க நேரமே கிடைக்கவில்லை, வடகடலில் வைத்தே போய்விட்டார். கரைக்குக் கொண்டுவர நாலு மணி நேரம் ஆனது. கடலில் ஒரு மனிதன் மயங்கினால் 108-ஐக் கூப்பிட முடியாது. கருவி நல்ல கருவியாகவே இருக்கட்டும், பழுதானால் நடுக்கடலில் யார் பார்ப்பார்கள்? 57 வயது வரைக்கும் உழைத்தது போதும். கரையில் வலை பிரிக்கலாம், நண்டு கழற்றலாம், கணக்கு பார்க்கலாம். ஒரு குடும்பம் தலைவரை இழந்து நிற்பதைப் பார்த்தவன் சொல்கிறேன்.

மண்டபம் செவிலி | மே 1, பிற்பகல் 2:15

ராமேஸ்வரம் அண்ணே, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஆனால் உங்கள் மச்சானுக்கு நடந்தது பேஸ்மேக்கர் இல்லாததால் நடந்தது. இந்த அப்பாவுக்கு அது வைத்தாகிவிட்டது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது.

நான் மதுரையில், இதயத்துக்குள் வயர் விட்டு வேலை செய்கிற கேத் லேபில் 11 வருடம் வேலை பார்த்தவள், இப்போது சொந்த ஊரில் இருக்கிறேன். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் "ஹார்ட் பிளாக்" என்றதும் "அடைப்பு எடுத்தாச்சா, ஸ்டென்ட் வைத்தாச்சா" என்று கேட்கிறார்கள். அது வேறு, இது வேறு. மாரடைப்பில் அடைபடுவது ரத்தக் குழாய், வீட்டுக்குத் தண்ணீர் வரும் பைப் மாதிரி. உங்கள் அப்பாவுக்குக் கெட்டது வயரிங். இதயத்தின் மேல் அறையில் ஒரு சின்ன இடத்திலிருந்து மின் துடிப்பு கிளம்பி, நடுவில் ஒரு சந்திப்பு வழியாகக் கீழ் அறைக்குப் போக வேண்டும். அந்தச் சந்திப்பில் வழி முழுவதும் அறுந்துபோனால் கீழ் அறை தானாக 30, 40 என்று மெதுவாக அடித்துச் சமாளிக்கும். நிற்கும்போது மூளைக்கு ரத்தம் போதாமல் கண் இருட்டும். வயதாகும்போது அந்தப் பாதை தழும்பேறிப் போவதுதான் பெரும்பாலும் காரணம். சில மாத்திரைகளாலும், சிறுநீரகம் கெட்டுப் பொட்டாசியம் ஏறுவதாலும்கூட வரலாம். அதெல்லாம் இல்லை என்று பார்த்த பிறகுதான் நிரந்தரமாக வைப்பார்கள்.

கருவி 20 முதல் 30 கிராம் எடை இருக்கும், டைட்டானிய உறை. உப்புத் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது, அது தோலுக்குள் இருக்கிறது. அதிலிருந்து வயர் ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகிறது. கவனிக்க வேண்டியது அந்த வயரின் நுனியைத்தான். இதயச் சுவரில் அது ஊன்றி, சுற்றிலும் சதை பிடித்து இறுக ஆறு வாரம் வரை ஆகும். அதுவரைக்கும்தான் இடது கையைத் தோளுக்கு மேலே தூக்காமல், நாலைந்து கிலோவுக்கு மேல் எடுக்காமல், வெடுக்கென்று இழுக்காமல் இருக்கச் சொல்வது. ஆயுள் முழுவதும் கையைக் கட்டிப்போடு என்று யாரும் சொல்லவில்லை.

பொதுவாக இடது பக்கம் வைப்பது வழக்கம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் வலது கைக்காரர்கள். முன்கூட்டியே சொல்லியிருந்தால் வலது பக்கம் வைத்திருக்கலாம். கேட்காதது தப்புத்தான். ஆனால் அதற்காக இப்போது இன்னொரு ஆபரேஷன் செய்து மாற்ற வேண்டியதில்லை. மாற்றுவதில்தான் தொற்று அபாயம் அதிகம்.

முக்கியமாக இது. அடுத்த செக்கப்பில் "கடலுக்குப் போகலாமா" என்று கேட்காதீர்கள். கரையைப் பார்க்காத டாக்டருக்குக் கடல் என்றால் புயலும் அலையும்தான் ஞாபகம் வரும், "வேண்டாம்" என்றுதான் சொல்வார். அப்பாவின் கை என்னென்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். நங்கூரக் கயிறு எப்படி இழுப்பார், வலை எப்படி இழுப்பார், இன்ஜின் ஹேண்டில் எத்தனை சுற்று, எவ்வளவு வேகம். முடிந்தால் நடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பதில் வரும்.

மோர்ப்பண்ணை | மே 1, மாலை 5:50

செவிலி அக்கா சொன்ன ஆறு வாரத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு வைத்த 16-ஆம் நாள், உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நங்கூரத்தை ஒரு கையால் தூக்கினேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி படுத்தால் இடது விலாவுக்குக் கீழே "டுக் டுக்" என்று துடிக்க ஆரம்பித்தது. விக்கல் மாதிரி, ஆனால் நிற்கவே இல்லை. வீட்டுக்காரி கை வைத்துப் பார்த்து, ஒரே சீராக அடிக்கிறது என்றாள். வயர் நுனி நகர்ந்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற சதையைத் துடிக்க வைத்திருக்கிறது. மறுநாள் காலையில் தலைசுற்றலும் திரும்பி வந்துவிட்டது. மறுபடி அதே இடத்தைத் திறந்து வயரைச் சரி செய்தார்கள். இரண்டாவது தடவை காயம் ஆற நாள் பிடித்தது.

அதற்கப்புறம் மூன்று வருடமாகக் கடலுக்குத்தான் போகிறேன். ஒரு குறையும் இல்லை. அந்த ஆறு வாரத்தை மட்டும் அப்பாவிடம் எப்படியாவது பிடித்துக் கொடுத்துவிடு.

தொண்டி வலைக்காரன் | மே 1, இரவு 8:30

நானும் வள்ளத்துக்காரன்தான், நாலு வருடம் ஆகிறது. கேட்ட கேள்விக்குப் பதில்: போகலாம், போய்க்கொண்டிருக்கிறேன். ஆனால் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன், இது உங்கள் அப்பாவுக்கும் வரலாம்.

மூன்றாம் மாதம் கடலுக்குப் போக ஆரம்பித்தேன். இன்ஜின் ஓடும்போது வள்ளத்தின் பின்பக்கம், அமரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலே நெஞ்சு படபடவென்று அடிக்கும். நாடி பிடித்தால் 100-க்கு மேல். இன்ஜினை அணைத்து வலை விட ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். வேலை செய்யும்போது நன்றாக இருக்கிறது, உட்கார்ந்திருக்கும்போது ஓடுகிறது. தலைகீழாக இருக்கிறதே என்று குழம்பிப்போனேன். இன்ஜின் கரண்ட் உள்ளே பாய்கிறது என்று கூட வருகிறவன் பயமுறுத்தினான்.

செக்கப்பில் சொன்னேன். டெக்னீஷியன் பையன் நெஞ்சின் மேல் மவுஸ் மாதிரி ஒன்றை வைத்து கம்ப்யூட்டரில் பார்த்தான். எந்தெந்த வேகத்தில் எவ்வளவு நேரம் துடித்தது என்று பட்டை பட்டையாகக் காட்டியது. கருவிக்குள் ஒரு சென்சார் இருக்கிறதாம். நாம் நடந்தால், ஓடினால் உடம்பின் அசைவை வைத்து "இவர் உழைக்கிறார்" என்று புரிந்துகொண்டு துடிப்பை ஏற்றிவிடும். வள்ளத்தின் பலகை வழியாக வந்த இன்ஜின் அதிர்வை நான் ஓடுவதாக அது எடுத்துக்கொண்டிருக்கிறது. உட்கார்ந்த இடத்திலேயே அந்த உணர்வைக் குறைத்து வைத்தார்கள். தோலைத் தொடவே இல்லை, எல்லாம் கம்ப்யூட்டரில்தான். இப்போது ஒரு பழைய சாக்கை நாலாக மடித்துப் போட்டு அதன் மேல் உட்காருகிறேன். சுகமாக இருக்கிறது.

இன்ஜின் கரண்ட் பயம் வேண்டாம். நம் வள்ளத்து டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பெட்ரோலில் ஓடுகிற அவுட்போர்டு என்றால் ஓடும்போது மூடியைத் திறந்து அதன் மேல் நெஞ்சை வைத்துக் குனியக் கூடாது, ஒரு அடி தள்ளியிருந்தால் போதும். வாக்கி டாக்கியை வலது பக்கம் வைத்துப் பேசுங்கள், நெஞ்சிலிருந்து அரை அடிக்குக் குறையாமல். கூரையில் ஆண்டெனா வைத்த பெரிய செட் என்றால் ஆண்டெனாவிலிருந்து இரண்டடி.

லைஃப் ஜாக்கெட் பட்டை காயத்தின் மேல் உரசும். முதல் சில மாதம் உள்ளே ஒரு துண்டை மடித்து வைக்கச் சொல்லு. உரசுகிறது என்று கழற்றிப் போட்டுவிடக் கூடாது.

ராமேஸ்வரம் துறை | மே 1, இரவு 9:05

தொண்டி அண்ணே, நீங்கள் தனியாகப் போகிறீர்களா, ஆளோடு போகிறீர்களா?

தொண்டி வலைக்காரன் | மே 1, இரவு 9:20

தனியாகப் போவதே இல்லை. எப்போதும் இரண்டு பேர், பெரும்பாலும் மூன்று. கூட வருகிறவர்களுக்கு நாடி பிடிக்கத் தெரியும், என் கருவியின் துடிப்பு எண்ணும் தெரியும். குறைந்தபட்சம் 60 என்று வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இறங்கினால் கரைக்குத் திருப்ப வேண்டும், பேச்சே கிடையாது. நீங்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது தம்பி. இந்த ஏற்பாடு இல்லாமல் நானும் போகச் சொல்ல மாட்டேன்.

உச்சிப்புளி அக்கா | மே 2, காலை 11:00

ஆண்கள் எல்லோரும் கடலைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கும் வைத்திருக்கிறது, எனக்குக் கடல் எல்லாம் தண்ணீர்தான், குடிக்கிற தண்ணீர்!

எங்கள் தெருவில் குழாய் இருக்கிறது, ஆனால் தண்ணீர் வருகிற நாள் குறைவு. தள்ளுவண்டியில் எட்டுக் குடம் அடுக்கித் தள்ளிக்கொண்டு போய்ப் பிடித்து வர வேண்டும். ஒரு குடம் நிறைந்தால் 15 கிலோ. "நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்காதே" என்ற டாக்டருக்கு நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை 15 கிலோ தூக்குகிறேன் என்று தெரியாது, நானும் சொல்லவில்லை. "வீட்டு வேலை செய்யலாமா" என்று கேட்டேன், "தாராளமாக" என்றார். அவர் மனதில் இருந்த வீட்டு வேலை கூட்டுவது, சமைப்பது. நல்லவேளை, மாமியார் என்னைக் குடத்தைத் தொட விடவில்லை. இரண்டு மாதம் அவரும் என் மகனும்தான் வண்டி தள்ளினார்கள். அந்த அம்மாவுக்கு 70 வயது. வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மணலில் அவர் சாய்ந்து தள்ளுவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேனே, அதை என்னால் மறக்க முடியாது.

இப்போது இரண்டரை வருடம். இடது இடுப்பிலேயே குடம் வைக்கிறேன். செவிலி சொன்னதுதான் சரி, கை என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும்.

பெண்கள் யாராவது இதைப் படித்தால்: ஜாக்கெட்டின் தோள் தையலும் உள்ளாடைப் பட்டையும் சரியாகக் கருவியின் மேல் வந்து உட்காரும். நான் ஒல்லி, தோலுக்குள் அதன் விளிம்பு தெரியும். இடது பக்கத் தையலைப் பிரித்து ஒரு விரல் அளவு கழுத்துப் பக்கம் தள்ளித் தைத்துக்கொண்டேன், பட்டைக்கு அடியில் பழைய வேட்டித் துணியை மடித்து வைத்தேன். அரிக்கிறது, உறுத்துகிறது என்று விரலால் கருவியைத் தள்ளித் தள்ளிப் பார்க்காதீர்கள். அப்படித் திருகித் திருகி உள்ளே வயரே சுருண்டுபோனவர்கள் இருக்கிறார்கள் என்று செக்கப்பில் சொன்னார்கள். சிவந்தாலும், சூடாக இருந்தாலும், நீர் கசிந்தாலும், காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும், மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு உட்காரக் கூடாது.

தேவிபட்டினம் பட்டறை | மே 2, பிற்பகல் 1:30

வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன், படகு வேலைதான் அதிகம். தம்பிக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது. ஆர்க் வெல்டிங்கை அவன் விட்டுவிட்டான். குறைந்த ஆம்பியரில், கேபிளை உடம்பில் சுற்றாமல், நெஞ்சிலிருந்து இரண்டடி தள்ளிச் செய்யலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு, ஆனால் ஈரத் தரையில் நிற்கிற வேலை, வேண்டாம் என்று அவனுடைய டாக்டர் சொல்லிவிட்டார். உங்கள் படகில் வெல்டிங் நடந்தால் அப்பாவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு இருந்தால் இரண்டடி. மிக்ஸி, கிரைண்டர், டிவி, மைக்ரோவேவ் எதுவும் பிரச்சினை இல்லை. போனைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது, வலது காதில் பேச வேண்டும். திருவிழாவில் பெரிய ஸ்பீக்கர் பெட்டி மேல் சாய்ந்து நிற்கக் கூடாது, சத்தத்துக்காக இல்லை, உள்ளே இருக்கிற காந்தத்துக்காக. காந்தப் படுக்கை விற்கிறவர்கள் "இதயத்துக்கு நல்லது" என்று வீட்டுக்கே வருவார்கள், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஏர்வாடி சங்கு | மே 2, இரவு 7:45

நான் முப்பது வருடம் சங்கு குளித்தவன். போன வருடம் எனக்கும் வைத்தார்கள். செவிலி மகளிடம் ஒரு கேள்வி. உப்புத் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்றீர்கள். அப்படியானால் நான் மறுபடி முங்கலாமா? ஆறு பாகம், எட்டு பாகம் ஆழம் போவேன். இந்தக் கேள்வியை மகன்களிடம் கேட்க முடியவில்லை, கேட்டால் அழுகிறார்கள்.

மண்டபம் செவிலி | மே 2, இரவு 9:10

ஐயா, நேராகச் சொல்கிறேன். தண்ணீர் ஒன்றும் செய்யாது, ஆழம் செய்யும். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் காற்று மண்டலத்தின் அழுத்தம் இன்னொரு மடங்கு கூடும். எட்டு பாகம் என்றால் ஏறக்குறைய பதினைந்து மீட்டர், அங்கே மேலே இருப்பதைப் போல இரண்டரை மடங்கு அழுத்தம். கருவியின் உறை எவ்வளவு தாங்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதற்கு மேல் போனால் உறை நசுங்கலாம். பேஸ்மேக்கர் வைத்தபோது கொடுத்த அட்டையில் இருக்கும் மாடல் எண்ணை டாக்டரிடம் காட்டி, கம்பெனியிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. மூச்சைப் பிடித்து முங்கும்போது எல்லா மனிதருக்கும் இதயம் மெதுவாகும். கருவி அதைத் தாங்கிப் பிடிக்கும், சரி. ஆனால் அடியில் ஏதாவது கோளாறு என்றால் மேலே வருவதற்கு உங்களுக்கு இருப்பது அந்த ஒரு மூச்சுதான். கழுத்தளவுத் தண்ணீரில் நீந்துங்கள், குளியுங்கள். சங்குக்கு முங்குவதை, என்னைக் கேட்டால், நிறுத்திவிடுங்கள். உங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும் ஐயா. என் தாத்தாவும் குளியாள்தான்.

ஏர்வாடி சங்கு | மே 2, இரவு 9:30

சரி மகளே. காரணத்தோடு சொன்னாய், ஏற்றுக்கொள்கிறேன். இதுவரை யாரும் காரணம் சொல்லவில்லை, கூடாது என்று மட்டும்தான் சொன்னார்கள்.

பரமக்குடியிலிருந்து | மே 3, காலை 8:00

கரைக்காரன் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். என் அம்மா போன வருடம் 81 வயதில் காலமானார், பேஸ்மேக்கரால் ஒன்பது வருடம் நன்றாக இருந்தவர். சுடுகாட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான் யாரோ கேட்டார்கள், கருவியை எடுத்தாயிற்றா என்று. எரியூட்டினால் பேட்டரி வெடிக்கும். எங்களுக்குத் தெரியவே தெரியாது. மறுபடி ஆள் கூப்பிட்டு எடுத்து... அந்த இரண்டு மணி நேரம் யாருக்கும் வர வேண்டாம். எரிக்கிற வழக்கம் உள்ளவர்கள் முன்னதாகவே டாக்டரிடம் சொல்லி எடுத்துவிடுங்கள். அடக்கம் செய்கிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. இந்த இழையில் எழுதத் தயக்கமாக இருந்தது, ஆனால் வேறு எங்கே சொல்வது?

கீழக்கரைக் காக்கா | மே 3, காலை 8:40

தயக்கமே வேண்டாம். சொல்ல வேண்டியதைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். அம்மாவுக்காக துஆ செய்கிறேன்.

பேட்டரி பற்றிப் பேச்சு வந்ததால்: திடீரென்று நின்றுவிடாது. பொதுவாக 8 முதல் 12 வருடம் வரும், ஒவ்வொரு செக்கப்பிலும் எவ்வளவு மிச்சம் என்று சொல்வார்கள். தீரும் நிலைக்கு வந்ததும் மாதக்கணக்கில் அவகாசம் இருக்கும்போதே காட்டிவிடும். மாற்றும்போது வயர் நன்றாக இருந்தால் பெட்டியை மட்டும்தான் மாற்றுவார்கள். அதனால் செக்கப்பைத் தவறவிடாதீர்கள். நன்றாக இருக்கிறேனே எதற்கு மதுரை வரைக்கும் போக வேண்டும் என்று நான் ஒரு வருடம் போகவில்லை. டாக்டர் திட்டினார், வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தெற்குவாடிப் பெண் | மே 3, இரவு 10:15

எல்லோரும் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மோர்ப்பண்ணை அண்ணன் எழுதியதை இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னார். இன்று சாயங்காலம் சட்டையை அவரே போட்டுக்கொண்டார். செக்கப் முடிந்ததும் வந்து சொல்கிறேன்.

தெற்குவாடிப் பெண் | ஜூன் 4, இரவு 8:50

தாமதத்துக்கு மன்னிக்கவும். போன வாரம் மதுரை போய் வந்தோம், ஏழு வாரம் முடிந்திருந்தது.

செவிலி அக்கா சொன்ன மாதிரியே செய்தோம். டாக்டர் "என்ன வேலை செய்கிறீர்கள்" என்று கேட்டதும் அப்பா வாயைத் திறக்கவில்லை, நான்தான் தாளைப் பார்த்து வாசித்தேன். அவருக்கு ஹேண்டில் போடுவது என்றால் என்ன என்று புரியவில்லை. அப்பா எழுந்து தோளில் இருந்த துண்டை எடுத்து ஒரு முனையை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். அதை வலை மாதிரி இழுத்துக் காட்டினார். கை இடுப்புக்கும் மார்புக்கும் நடுவில்தான் போய் வந்தது, தோளுக்கு மேலே ஏறவே இல்லை. அப்புறம் குனிந்து, இன்ஜின் ஹேண்டிலை இடது கையால் வேகமாகச் சுற்றிக் காட்டினார். டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து பக்கத்தில் நின்று பார்த்தார். "மறுபடி ஒரு தடவை, மெதுவாக" என்றார்.

வலை இழுக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும் என்றார். நங்கூரம் மூன்று மாதம் முடியும் வரை வேண்டாம். ஹேண்டில் இடது கையால் இனிமேல் எப்போதுமே வேண்டாம், காலர் எலும்புக்குக் கீழே வயர் நசுங்கி நசுங்கி ஒரு நாள் முறிந்துவிடும் என்று ஒரு எக்ஸ்ரே படத்தில் இடத்தைத் தொட்டுக் காட்டினார். வலது கையால் போடலாமாம். தொண்டி அண்ணன் சொன்ன அதிர்வு விஷயத்தையும் கேட்டேன். சென்சார் இப்போது அணைத்துத்தான் இருக்கிறதாம், தேவைப்பட்டால் பிறகு பார்க்கலாம் என்றார். இடது கைக்காரர் என்பதைப் பெரிய எழுத்தில் சீட்டில் எழுதினார்.

நேற்று முதல் தடவை தென்கடலுக்குப் போனார், சித்தப்பாவோடும் அவர் மகனோடும். கச்சான் காற்று கொஞ்சம் தணிந்திருந்தது. நாலு மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்குக் கரையேறினார்கள். நான் ஓடிப்போய் முதலில் கையைத்தான் பிடித்தேன், 76. ஹேண்டிலைத் தம்பி போட்டானாம், இவர் அமரத்தில் நின்று திட்டிக்கொண்டே இருந்தாராம்.

ராமேஸ்வரம் துறை | ஜூன் 4, இரவு 9:15

மூன்று பேர் போனார்கள் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது தங்கச்சி. நல்லா இருக்கட்டும்.

உச்சிப்புளி அக்கா | ஜூன் 4, இரவு 9:20

பேஸ்மேக்கர் அட்டையைக் கையில் கொடுத்து அனுப்பினாயா? தண்ணீரில் நனைந்து எழுத்து அழிந்துவிடும்டி.

தெற்குவாடிப் பெண் | ஜூன் 4, இரவு 9:35

கொடுத்தேன் அக்கா. அசல் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. நகல் எடுத்துக் கனமான பிளாஸ்டிக் உறையில் போட்டு, மெழுகுவர்த்தியில் நாலு ஓரத்தையும் உருக்கி ஒட்டியிருக்கிறேன். மீனவர் அடையாள அட்டையோடு சேர்த்துக் கழுத்துக் கயிற்றில் கட்டியிருக்கிறார், வலது பக்கம் தொங்கும்படி.